வாளையார் செக்போஸ்ட்டும் எங்க ஊரு காத்தும்

எங்கப்பா லாரி ஓட்டினவரு. கோயமுத்தூர்ல லோடு ஏத்திட்டு கொச்சிக்குப் போறப்ப கேரளா எல்லைக்குள்ள இருக்கிற எங்க வீட்டைத் தாண்டித்தான் போகணும், ஆனா எல்லையில வாளையார் செக்போஸ்ட் லைன்ல மாட்டிக்கிட்டா ராத்திரி முழுக்க அங்கயேதான். லைன் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா ரெண்டு வண்டி தூரம் நகரும், அதனால யாரும் இஞ்சினை அணைக்க மாட்டாங்க, கிலோமீட்டர் கணக்குல டீசல் லாரி நின்ன இடத்துலயே உறுமிக்கிட்டு நிக்கும். அப்பா சட்டையை ஊற வச்சா பக்கெட் தண்ணி கருப்பாயிரும்னு அம்மா இப்பவும் சொல்லுவாங்க.

2017 ஜூலை 1, ஜிஎஸ்டி வந்துச்சு, வரி செக்போஸ்ட்டை எடுத்தாங்க, அந்த நீள லைன் போச்சு. காத்துக்காக யாரும் அதைச் செய்யல. ஆனா என் கண்ணால பார்த்ததுல எங்க ஊருல புகை குறைஞ்சதுன்னா முதல்ல அதுதான். அப்புறம் 2020 ஏப்ரல்ல வண்டிப் புகைக்கான பிஎஸ்6 விதி வந்துச்சு, டீசல்ல இருக்கிற கந்தகம் பத்து லட்சத்துல 50 பங்குங்கறது 10 ஆச்சு. கந்தகம் கூட இருந்தா சைலன்ஸர்ல புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டரும் மத்த சாமானும் சீக்கிரம் கெட்டுப்போகும், அதனால முதல்ல எண்ணெயைச் சுத்தம் பண்ணாத்தான் புது வண்டியே சரியா ஓடும். பழைய லாரிங்க இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, அது வேற விஷயம்.

கேரளா நிஜமாவே நிறைய செஞ்சிருக்கு, அதை நான் மனசாரச் சொல்றேன். கொச்சி நெடும்பாசேரி ஏர்போர்ட் 2015லயே முழுக்க சோலார்ல ஓட ஆரம்பிச்சுது. 2023 ஏப்ரல்ல கொச்சில பேட்டரி படகுங்களோட வாட்டர் மெட்ரோ வந்துச்சு. வயநாட்டுல மீனங்காடி பஞ்சாயத்து 2016லயே வெளிய விடற கார்பனும் மரம் இழுக்கற கார்பனும் சமமாகணும்னு வேலையை ஆரம்பிச்சு மரம் நட்டு, அப்புறம் அந்த மரத்தை வச்சு விவசாயிக்குக் கடனும் கொடுத்துச்சு. 2050க்குள்ள மாநிலமே அந்தச் சமநிலைக்கு வரணும்னு அரசாங்கம் இலக்கு வச்சிருக்கு. அதே 2023 மார்ச்சுல பிரம்மபுரம் குப்பைமேடு பத்து நாளுக்கு மேல எரிஞ்சு கொச்சியே மூச்சு முட்டினதையும் மறக்க முடியாது.

ஆனா எனக்கு உறுத்தற விஷயம் வேற. கேரளாவுல நிலக்கரி கரண்ட் பிளாண்ட் ஒண்ணு கூட கிடையாது, கணக்குல பார்த்தா சுத்தமா இருக்கும். ஆனா நம்ம எரிக்கிற கரண்ட்ல பாதிக்கு மேல வெளியில இருந்து வாங்கறதுதான், ஒடிசாவுல தால்ச்சர், தெலங்கானாவுல ராமகுண்டம், தமிழ்நாட்டுல நெய்வேலி, எல்லாம் கரி எரிக்கிற ஊரு. எங்க அத்தை வீடு நெய்வேலிக்குப் பக்கத்துல. அங்க மொட்டைமாடியில துணி காயப்போட்டா உதறிட்டுத்தான் மடிக்கணும். நான் இங்க ராத்திரி ஃபேன் போட்டுத் தூங்கறேன், அதோட தூசு அத்தை வீட்டு மாடியில விழுது. அந்தப் புகை எந்த மாநிலத்துக் கணக்குல வருது? தமிழ்நாட்டுக் கணக்குல. எனக்கு இது நியாயமாப் படல, கரண்டை வாங்கற மாநிலமும் அதுல ஒரு பங்கைத் தன் கணக்குல எழுதணும். நாங்களும் கூரையில சோலார் வச்சோம், 3 கிலோவாட், மத்திய அரசு மானியம் 78,000 ரூபா. பகல்ல சரி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எல்லா வீட்டுலயும் ஒரே நேரத்துல அடுப்பு, ஏசி, ஸ்கூட்டர் சார்ஜர்னு போடறப்ப இடுக்கி அணைத்தண்ணி மட்டும் போதாது, மறுபடி கரிதான்.

காத்துக்கு மட்டும் எல்லை கிடையாதுங்க. ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா மேக்கால இருந்து அடிக்கிற காத்துதான் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் கரண்ட் எடுக்கற காத்தாடியெல்லாம் சுத்த வைக்குது. அதே காத்து எங்களுக்கு மேக்கால இருக்கிற கஞ்சிக்கோட்டுல பழைய இரும்பை உருக்கற ஃபர்னஸ் புகையை எங்க வீட்டுப் பக்கம் தள்ளிட்டு வருது. மார்கழி தை வந்தா காத்து திரும்பிரும், கெழக்கால இருந்து அடிக்கும், அப்ப அந்தப் புகை பாலக்காடு டவுனுக்குப் போகும். ராத்திரி பதினொரு மணிக்கு மேலதான் நாத்தம் அதிகம். எங்க பொண்ணுக்கு வீசிங் வர்றது பாதி நாள் அந்நேரத்துலதான், நெபுலைசரை கட்டில் பக்கத்துலயே வச்சிருக்கோம். புகார் கொடுத்தா ஆள் பகல்ல வந்து பார்த்துட்டுப் போறாங்க.

பிஎம் 2.5ங்கற தூசு முடியோட தடிமன்ல சுமாரா முப்பதுல ஒரு பங்குதான் இருக்கும், நம்ம நாட்டுல ஒரு கன மீட்டர் காத்துல வருச சராசரி 40 மைக்ரோகிராம் வரைக்கும் சரிங்கறாங்க, உலக சுகாதார நிறுவனம் 5ங்குது. எங்க தெருவுல ராத்திரி எவ்வளவுன்னு ஒரு மீட்டர் வச்சுக் காட்டுங்கன்னுதான் கேக்கறேன். அடுத்த கிராமசபைக்கு மனு எழுதிட்டேன், மலையாளத்துல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு. அப்பா ரெண்டுலயும் முதல் கையெழுத்து போட்டுட்டாரு. தெருவுல இன்னும் பதினாலு வீடு பாக்கி இருக்கு.