நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு மாத்திரை?

மனநலப் பிரிவில் செவிலியர் என்று சொன்னதும், "பயமா இல்லையா?" என்று கேட்பார்கள். இல்லை. மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. அடிபடுவதும் ஏமாற்றப்படுவதும்தான் அவர்களுக்கு அதிகம் நடக்கிறது. இதையெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என்னைப் படுத்துவது வேறு. நோய் கடுமையாக இருக்கும்போது சொன்னதைக் கேட்கிற குடும்பம், ஆள் தேறி வரும்போதுதான் சொந்த யோசனையில் இறங்குகிறது.

மறுபடி காட்ட வரும்போது மாத்திரைப் பையைப் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். ஒரு அட்டை காலியாக இருக்கும், இன்னொன்றில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். காலியானது பெரும்பாலும் பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவைக்கும் குளோனசிபாம். மிச்சமிருப்பது மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம். கேட்டால், "அதைப் போட்டா தூக்கம் வருது சிஸ்டர். இதைப் போட்டா ஒண்ணும் தெரியல, பழகிடுமோன்னு பயம் வேற" என்பார்கள். உண்மை தலைகீழ். பழக்கமாகிவிடக்கூடியது குளோனசிபாம்தான், டாக்டர் அதைப் பொதுவாகச் சில வாரங்களுக்கு மட்டும் எழுதுவது அதனால்தான். எஸ்சிட்டலோபிராம் வேலையைக் காட்டவே 2 முதல் 4 வாரம் ஆகும். குமட்டலும் வயிற்றுக் கலக்கமும் மட்டும் முதல் வாரத்திலேயே வந்து நிற்கும். இப்படி ஒரு மருந்தை யார்தான் நம்புவார்கள்?

எஸ்சிட்டலோபிராமைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடித்தாற்போல ஓர் உணர்வு வரலாம். "பாருங்க, அடிமையாக்கிடுச்சு" என்று அதையே சாட்சியாகக் காட்டுவார்கள். உடம்பு பழகிய மருந்தைத் திடீரென்று எடுத்ததால் வரும் தொந்தரவு அது. போதைக்கு ஏங்குவதுபோல யாரும் எஸ்சிட்டலோபிராமுக்கு ஏங்கிப் பார்த்ததில்லை. தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் போட்டுவிட்டு, டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலானவர்கள் சமாளித்துவிடுவார்கள்.

மனச்சிதைவு நோயில் இது இன்னும் சிக்கல். நிறுத்திய மறுநாளே, இல்லாத குரல்கள் காதில் கேட்டுவிட்டால் யாரும் மாத்திரையை நிறுத்த மாட்டார்கள். பல வாரம், சிலருக்குப் பல மாதம்கூட ஒன்றும் ஆகாது. மந்தமும் தூக்கக் கலக்கமும் விலகி, ஆள் முன்பைவிடத் தெளிவாகவே தெரிவார். "நிறுத்தினதும் எவ்வளவு நல்லா இருக்கான் பாருங்க!" அப்புறம் நோய் திரும்பும்போது அதை மாத்திரையோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. வேலை போனது, யாரோ திட்டியது என்று காரணம் வேறெங்கோ போய்விடும்.

லித்தியம் கதை தனி. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், பித்து நிலைக்கு, அதாவது அளவுமீறிய உற்சாகத்துக்கும் வேகத்துக்கும், இது உதவுகிறது என்று எழுதினார். பித்து நிலையும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறுக்கு இன்றும் முக்கியமான மருந்து. அவ்வப்போது ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும். "ரத்தத்தை டெஸ்ட் பண்ற அளவுக்கு விஷமா?" என்பார்கள். அந்தப் பயம் முழுக்கத் தப்பில்லை, அளவு மிஞ்சினால் நஞ்சுதான். மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளத்தானே டெஸ்ட்! கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். காலை மாத்திரையை விழுங்கிவிட்டு நேராக லேபுக்கு வந்தால் அளவு கூடுதலாகக் காட்டும், வீடே பதறும்.

அதே இருமுனைக் கோளாறில், பித்து நிலையின் தொடக்கத்தையே குணம் என்று கொண்டாடுவதும் உண்டு. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, களைப்பே இல்லாமல் எழுந்து வேலை பார்ப்பவரைக் காட்டி, "இப்பத்தான் பழைய சுறுசுறுப்பு வந்திருக்கு" என்பார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இதற்கு நேரெதிர் வீடுகளும் இருக்கின்றன. மாத்திரை ஒருவேளைகூடத் தப்பாது, ஆனால் தேறியவர் குரலை உயர்த்தினால் போதும், "இன்னிக்கு மாத்திரை போட்டியா?" என்று கேட்டுவிடுவார்கள். கோபம் நோயாளிக்கும் வரும், அதற்கெல்லாம் மருந்து கிடையாது. தேறிவந்த ஒரு பெண் தன் தம்பியைக் காட்டிப் புலம்பினார்: "டிவி ரிமோட்டுக்குச் சண்டை போட்டாக்கூட இவன் டாக்டருக்குப் போன் பண்றான் சிஸ்டர்." கோபத்தை விட்டுவிட்டு அக்காவின் தூக்கத்தைக் கவனிக்கச் சொன்னேன். இரண்டு மூன்று ராத்திரி தொடர்ந்து தூக்கம் குறைந்தாலோ, குளிக்காமல் ஒதுங்கி உட்கார்ந்தாலோ உடனே கூட்டிவர வேண்டும். ரிமோட் சண்டையை அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.