சீவாளி காய்ந்த கல்யாணம்

போன தை மாசம் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணம். என்னிடம் மூன்று வருஷமாக நாயனம் படிக்கிற பையனுக்கு அதுதான் முதல் வாசிப்பு. வீட்டுத் திண்ணையில் மோகன ராகத்தைக் கொட்டுகிறவன், வாசிக்க வேண்டிய நேரத்தில் ஆளைக் காணோம். மண்டபத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரம் நிற்கிறான். "அண்ணே, எச்சியே ஊறல. சீவாளி பேச மாட்டேங்குது."

பதற்றம் வந்தால் வாய் உலரும். நாயனத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியோ நாணல் தட்டையில் செய்தது. ஈரம் பட்டால்தான் பேசும். இதற்கு "பயப்படாதடா" என்று சொல்லி என்ன பிரயோஜனம்? சீவாளியைத் தண்ணீரில் நனைக்கச் சொன்னேன். மூச்சை நாலு எண்ணி இழுத்து, எட்டு எண்ணி விடச் சொன்னேன். வெளிமூச்சு நீண்டால் நெஞ்சுத் துடிப்பு கொஞ்சம் தணியும். "ஆலாபனையை விடு. ஷட்ஜத்தை, அந்த 'ஸ'வை மட்டும் நீளமாப் பிடி. கூட்டத்தைப் பாக்காத, தவில்காரரைப் பாரு."

முதல் ஷட்ஜம் நடுங்கியது (எனக்குக் கையும்தான்). இரண்டாவது நின்றது. கெட்டிமேளத்துக்கு நான் தலையசைக்கும் முன்பே அவன் ஊதிவிட்டான்.

திரும்பும் வழியில் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன். சம்பளக் கவரைப் பிரிக்காமலே, "அடுத்த முகூர்த்தம் என்னைக்குண்ணே?" என்றான்.