ஆரம்பநிலை இடையீடு படிக்கப் போகிறவர்களுக்கு: குழந்தையின் முன்னால் சேர்ந்து உட்காரப் பழகுங்கள்

பிஸியோதெரபி முடித்து, சில காலம் வேலை பார்த்த பிறகுதான், வளர்ச்சியில் பின்தங்கும் சிறு குழந்தைகளுக்குச் சீக்கிரமே உதவி தொடங்கும் ஆரம்பநிலை இடையீட்டுக்கான முதுநிலை டிப்ளமோவில் சேர்ந்தேன். வகுப்பில் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை) படித்தவர்கள், ஸ்பீச் தெரபிஸ்டுகள், சிறப்பாசிரியர்கள், உளவியல் முடித்தவர்கள் எல்லோரும் கலந்து இருந்தோம். இந்தப் படிப்புக்கு வர நினைப்பவர்களும், மாவட்ட இடையீட்டு சேவை மையங்களுக்குப் பயிற்சிக்குப் போகிறவர்களும் என்னிடம் முதலில் கேட்பது, எதைப் படிக்க வேண்டும் என்றுதான். அதையும் சொல்கிறேன். ஆனால் இந்தப் படிப்பின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. வேறு துறைக்காரர் நான்கு பேரோடு ஒரே குழந்தையின் முன்னால் உட்கார்ந்து, ஒரே முடிவுக்கு வரப் பழகுவதுதான் அது.

நம் கல்லூரிகள் இதற்கு நம்மைத் தயார் செய்வதில்லை. வகுப்பு, இன்டர்ன்ஷிப் என்று பிஸியோ படித்து முடிக்கும்வரை ஒரு சிறப்பாசிரியர் வேலை செய்வதை அருகில் இருந்து பார்க்கும் வாய்ப்பு பலருக்குக் கிடைப்பதே இல்லை. சட்டமும் நம்மைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. சிறப்பாசிரியர்களும் ஸ்பீச் தெரபிஸ்டுகளும் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்கிறார்கள். பிஸியோவும் ஆக்குபேஷனல் தெரபியும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேறொரு ஆணையத்தின் கீழ் வருகின்றன. பாடத்திட்டம் வேறு, தேர்வு வேறு, பேசும் சொற்களும் வேறு. குழந்தையின் அம்மா மட்டும்தான் எல்லா அறைக்கும் போய்வருகிறார்.

அதனால் கூட்டு மதிப்பீடு இருக்கும் நாளைத் தவறவிடாதீர்கள். ஒருவர் மட்டும் பாயில் குழந்தையோடு விளையாடுவார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். ஏதாவது சோதிக்க வேண்டுமென்றால், விளையாடுகிறவரிடம் மெதுவாகச் சொல்லிச் செய்யவைக்க வேண்டும். ஆளாளுக்குக் குழந்தையைத் தூக்கக் கூடாது. முழங்காலின் டோனை (தசையின் இறுக்கத்தை) கையால் பிடித்துப் பார்த்தே பழகிய எனக்கு, கைகட்டி உட்காருவது ஆரம்பத்தில் சிரமமாக இருந்தது. ஆனால் அப்படி உட்கார்ந்தபோதுதான் ஸ்பீச் தெரபிஸ்ட் குழந்தையின் உதட்டையும், சிறப்பாசிரியர் அதன் கண் போகும் திசையையும் எவ்வளவு நுட்பமாகப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது.

சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். எல்லாத் துறைகளும் வந்து சேரும் இடம் அதுதான். மூளை முடக்குவாதம் உள்ள மூன்று வயதுக் குழந்தை. எடை ஏறவில்லை, அடிக்கடி சளி, சாப்பிடும்போது இருமல். அம்மா மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலை பின்னால் சாய்ந்திருக்க, கரண்டியால் கஞ்சி ஊட்டுகிறார். கழுத்து பின்னால் மடங்கியிருந்தால் பாதுகாப்பாக விழுங்குவது கடினம். நீர்த்த கஞ்சி, விழுங்கத் தயாராவதற்குள் தொண்டைக்குப் போய்விடுகிறது, மூச்சுக்குழாயில் இறங்கவும் கூடும். பிஸியோ சொல்வது: இடுப்பையும் முதுகையும் தாங்கி நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும், பாதம் தொங்கக் கூடாது, தாடை லேசாக உள்வாங்கி இருக்க வேண்டும். ஸ்பீச் தெரபிஸ்ட் உணவைக் கொஞ்சம் கெட்டியாகக் குழைக்கச் சொல்வார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஆழமில்லாத கரண்டியை முன்பக்கமாக, வாய் மட்டத்தில் கொண்டுவரச் சொல்வார். சிறப்பாசிரியரோ, சாதத்தையும் தண்ணீரையும் காட்டி, எது வேண்டும் என்று குழந்தை கண்ணால் சொல்லும்வரை காத்திருக்கச் சொல்வார். எல்லாமே சரி. ஆனால் இத்தனையையும் தனித்தனி ஹோம் புரோகிராம் தாள்களாக அந்த அம்மாவின் கையில் கொடுத்தால், அவர் எதையும் செய்ய முடியாது.

எங்கள் வகுப்பில் சமூகப் பணியாளர்தான் இந்த இடத்தில் சரியான கேள்வியைக் கேட்பார். ஒரு வேளை ஊட்ட எவ்வளவு நேரம் ஆகிறது? அந்த நேரத்தில் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? ஒரு வேளைக்கே ஒரு மணி நேரம் ஆகிறது, காலையில் மூத்தவனைப் பள்ளிக்கு அனுப்பவேண்டும் என்று அம்மா சொல்லும்போது நம் திட்டம் தானாகச் சுருங்கும். மூன்று வேளையும் வேண்டாம், அப்பா வீட்டில் இருக்கும் இரவுச் சாப்பாடு மட்டும் போதும். இலக்கும் ஒன்றுதான்: மூன்று மாதத்தில், இரவுச் சாப்பாட்டை சி.பி. நாற்காலியில் (மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைத் தாங்கி உட்காரவைக்கும் நாற்காலி) உட்கார்ந்து, இருமாமல், அரை மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். இந்த ஒரு வரிக்குள் எல்லாத் துறையும் இருக்கிறது. அம்மாவுக்கும் புரிகிறது, அளந்தும் பார்க்கலாம். கேஸ் ஷீட்டில் 'டோனைக் குறைத்தல்', 'வாய்த்தசையை வலுப்படுத்தல்' என்று ஐந்து இலக்குகள் எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

உங்கள் துறையில் எதை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதிலும் தெளிவு வேண்டும். உட்காரவைக்கும் முறை, தூக்கும் முறை, கரண்டி பிடிக்கும் விதம் இவற்றை அங்கன்வாடிப் பணியாளர் வரைக்கும் கற்றுக்கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் விழுங்குவது பாதுகாப்பா என்று தீர்மானிப்பது ஸ்பீச் தெரபிஸ்டும் மருத்துவரும் செய்ய வேண்டிய வேலை. சில குழந்தைகளுக்கு உணவு மூச்சுக்குழாயில் இறங்கினாலும் இருமலே வராது. அங்கே நல்லெண்ணம் மட்டும் போதாது.

சரி, படிக்க வேண்டியவை. ஒருவரின் உடல்நிலையையும் அன்றாட வாழ்க்கையையும் சேர்த்து விவரிக்க உலக சுகாதார நிறுவனம் 2001ல் வெளியிட்ட ஐ.சி.எஃப். வகைப்பாட்டை மனப்பாடமாக அல்ல, பயன்படுத்திப் படியுங்கள். உடல் செயல்பாடு, அன்றாடச் செயல், பங்கேற்பு, சூழல் என்ற கட்டங்களில் ஒரு குழந்தையை எழுதிப்பார்த்தால் யார் எங்கே வருகிறார்கள் என்று புரியும். ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற அளவுகோல் 1997ல் வந்தது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் நடமாட்டத்தை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. கைப்பயன்பாடு, பேச்சுத்தொடர்பு, உண்பது ஒவ்வொன்றுக்கும் இதேபோல ஐந்து நிலை அளவுகோல்கள் பின்னால் வந்தன. நான்கையும் கற்றுக்கொள்ளுங்கள். 'மூன்றாம் நிலை' என்றதும், வாக்கர் போன்ற துணைக்கருவியைப் பிடித்து நடக்கும் குழந்தை என்று சிறப்பாசிரியருக்கும் புரிய வேண்டும். அப்போதுதான் பேச்சு ஓடும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் பற்றிக் கேள்வி வரும்: 2013ல் தொடங்கியது, பிறவிக் குறைபாடு, சத்துக்குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் என்று நான்கு பிரிவு, பிறப்பிலிருந்து 18 வயது வரை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளையும் கேட்பார்கள். இவை ஒரு மாலையில் படித்துவிடக்கூடியவை.

கஷ்டமான கேள்வி, ஒவ்வொருவரும் தனித்தனியாகத் திட்டம் போடும் பலதுறைக் குழுவுக்கும், எல்லோரும் சேர்ந்து போட்ட ஒரே திட்டத்தை ஒருவர் வழியாகக் குடும்பத்திடம் கொண்டுபோகும் துறைகடந்த குழுவுக்கும் என்ன வித்தியாசம் என்பது. வரையறை சொல்லாதீர்கள். மேலே சொன்ன சாப்பாட்டையே எடுத்து, முதல் வகையில் அம்மா கையில் எத்தனை தாள்கள் இருக்கும், இரண்டாவதில் எத்தனை பேர் வீட்டுக்கு வருவார்கள் என்று விளக்குங்கள். கூட்டுக் கல்வி பற்றிக் கேட்டால், உலக சுகாதார நிறுவனம் 2010ல் சொன்னதை நினைவில் வையுங்கள்: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவரும் சேர்ந்தும் கற்பது. ஒரே ஹாலில் சேர்ந்து லெக்சர் கேட்பதில் இது வராது.

களப்பயிற்சிக்கு இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால், வீட்டுக்குப் போய் வேலை செய்யும் இடமாகப் பாருங்கள். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981ல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தில், பயிற்சி பெற்ற சமூக மறுவாழ்வுப் பணியாளர்கள் வீடு தேடிப் போகிறார்கள், அவர்களுக்குப் பின்னால் பல துறை தெரபிஸ்டுகள் நிற்கிறார்கள். முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில், ஒரே வளாகத்தில் பல சேவைகள் இருப்பதைப் பார்க்கலாம். இரண்டும் வேறுவேறு வகை. முடிந்தால் இரண்டையும் பாருங்கள்.

எங்கே போனாலும் முதல் வாரத்திலேயே ஒன்றைக் கேளுங்கள்: ஒரு குடும்பம் வெவ்வேறு துறைகளுக்காக எத்தனை தடவை பஸ் ஏறி வருகிறது? கூலி வேலைக்குப் போகும் அம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளம் போகிறது. பிஸியோ திங்கள், ஸ்பீச் புதன் என்று இருந்தால், பொறுப்பாளரிடம் பேசி ஒரே நாளில், ஒரே அறையில் வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மாணவர் கேட்டால் பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு நாள் கிடைத்தால், அந்த அறையில் அம்மாவுக்கும் ஒரு நாற்காலி போட்டு, முதலில் அவரைப் பேசச் சொல்லுங்கள்.