யாரைக் கேட்டார்கள்?

தேர்தல் கருத்துக்கணிப்பில் ஆயிரம் பேரைக் கேட்டு ஊர் மனசைச் சொல்ல முடியுமா என்கிறார்கள். முடியும். சரியாகக் குலுக்கி எடுத்த ஆயிரம் பேர் என்றால் பிழை ஏறக்குறைய 3 சதவீதம்தான். 1936-ல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை 20 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கியும், சரியாகக் குலுக்கி எடுக்காததால், அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்று சொல்லிக் கவிழ்ந்தது. அவர் அமோகமாக ஜெயித்தார்.

நம்ம தருமபுரியில் அந்தக் குலுக்கலே பெரிய வேலை. பென்னாகரம், அரூர் பக்கம் பகலில் கதவைத் தட்டினால் பல வீடுகளில் வயசானவர்கள்தான் இருப்பார்கள். பிள்ளைகள் பெங்களூரில் கட்டட வேலையில், திருப்பூர் பனியன் கம்பெனியில். ஓட்டுக்கு மட்டும் பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். 2024-ல் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்குப்பதிவு இங்கேதான், 81 சதவீதத்துக்கு மேல்.

அப்புறம் பெண்கள். செய்தி எதில் பார்ப்பீங்க என்று கேட்டால், "நான் எங்கங்க பார்க்கிறேன், அவரையே கேளுங்க" என்பார்கள். மகன் வாட்ஸ்அப்பில் காட்டும் வீடியோ அவர்கள் கணக்கில் செய்தியே இல்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போது எந்தக் கட்சி என்று கேட்டால் உண்மை வருமா? தேர்தல் ஆய்வு நடத்தும் லோக்நீதி அமைப்பின் ஆய்வாளர்கள் இதற்காகவே மாதிரி வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்து, மறைவாகக் குறித்துப் பெட்டியில் போடச் சொல்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த முறை.

பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்றால் கேட்பவருக்குத் தெலுங்கும் கன்னடமும் தெரிந்திருக்க வேண்டும்.

டிவியில் சதவீதம் ஓடினால் எத்தனை பேரை, எங்கே, எப்படிக் கேட்டார்கள் என்று போட்டிருக்கிறார்களா பாருங்கள். போடவில்லையா, ஷேர் பண்ணாதீர்கள்.