தலைவெட்டிக்கு ஏழு பேர்

கனடா ஸ்கார்பரோவில் இருக்கிற அண்ணாவுக்கு இந்த முறை நல்லூர்க் கோயில் திருவிழா மட்டும் போதாதாம். அட்வென்ச்சர் வேண்டுமாம். போன முறை வெள்ளவத்தைச் சந்தியில் இருநூறு ரூபாய்க்காக ஓட்டோக்காரரோடு அவர் நின்ற நிற்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதைவிடப் பெரிய அட்வென்ச்சர் இந்தத் தீவிலேயே கிடையாது. ஆனாலும் கேட்டுவிட்டார்.

கித்துல்கல என்று முடிவானது. கொழும்பிலிருந்து ஹற்றன் வீதியில் ஏறக்குறைய 90 கிலோமீற்றர். முதல்நாள் மக்கந்தாவ மழைக்காட்டில் வழிகாட்டியோடு நடை, அடுத்த நாள் களனி கங்கையில் றாஃப்டிங். இந்த ஒன்றரை வரித் திட்டத்துக்குத்தான் மூன்று கிழமையும் ஒரு வட்ஸ்அப் குழுவும் என் கணவருடைய எக்செல் தாளும் போயின.

முதல் சண்டை சாப்பாட்டில் வந்தது. அண்ணா வரும் நாட்கள் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளுக்குள் விழுகின்றன. கொடியேறினால் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. வழிகாட்டிப் பையனிடம் சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டேன். தாராளமாக, பருப்பும் பலாக்காயும் தரலாம் என்றான். பருப்புக்குள் மாசிக் கருவாடு போடமாட்டீர்கள்தானே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாசியும் மச்சமா அக்கா?" என்றான். அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை.

அடுத்தது தண்ணீர். மழை பெய்தால் ஆறு ஓடும், ஆறு ஓடினால் படகு ஓடும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். மழை கூடி ஆறு பெருகினால் படகை இறக்கமாட்டார்கள். மழை குறைந்தால், மேலே இருக்கிற நீர்மின் நிலையம் தண்ணீர் விடும்வரை கரையில் காத்திருக்க வேண்டும். அதாவது அண்ணாவின் சாகசம் கொழும்பில் எத்தனை பேர் ஏசி போடுகிறார்கள் என்பதில் தொங்குகிறது. இவர் உடனே எக்செல் தாளில் ஒரு வரி சேர்த்தார்: "அன்று காலை சொந்தக்காரர் எல்லாரும் உடுப்பு அயன் பண்ணவும்." பகிடிக்குத்தான் எழுதினார். தெகிவளை மாமி மட்டும் எத்தனை மணிக்கு என்று கேட்டிருந்தார்.

காட்டைப் பற்றியும் வழிகாட்டி நிறையச் சொன்னான். அதில் எனக்குப் பிடித்தது ஓர் ஆந்தைக் கதை. 1995இல் கித்துல்கல காட்டில் அதன் குரல் மட்டும் கேட்டதாம். ஆள் கண்ணில் பட்டது 2001இல். 2004இல்தான் புது இனம் என்று பெயர் வைத்தார்கள். கனடா விசாவுக்குக் கைரேகை கொடுக்க யாழ்ப்பாணத்து நவாலியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் நிற்கிற, அண்ணாவின் அம்மாவான பெரியம்மா கதிரையில் இருந்தபடி இதைக் கேட்டார். "ஆந்தையை ஆறு வருசமாத் தேடினவையோ? எங்கட பனையில ராவெல்லாம் கிடந்து அலறும். நாங்கள் கல்லெறிஞ்செல்லோ துரத்திறம்."

சரி, அட்டைக்கு வருகிறேன். மழைக்காடு என்றால் அட்டை. அட்டை என்றால் குடும்பத்தில் ஆளுக்கொரு வைத்தியம். அம்மாவுக்கு உப்புப் பொட்டலம். மாமிக்கு சித்தாலேப களிம்பு. மேல் மாடிக்காரருக்குக் காலுறையில் தேய்த்த ஈரச் சவர்க்காரம். இவர் எல்லாவற்றையும் வாங்கினார். முழங்கால் வரை வரும் வெள்ளைத் துணிக் காலுறைகளை ஓர்டர் போட்டு எடுத்தார். நேற்றுப் பின்னேரம் அவை வந்து சேர்ந்தன. மனுசனுக்குப் பொறுமை எங்கே? ஒரு சோடியைப் போட்டு, சன்லைட் கட்டியை நனைத்து, அடியும் மேலும் நன்றாகத் தேய்த்து, "இப்ப பார், ஒரு அட்டை கிட்ட வராது" என்று சொல்லிக்கொண்டு ஹோலில் நடந்தார்.

எங்கள் ஹோல் டைல்ஸ்.

மூன்றாவது அடியில் கால் போனது. விழுந்த சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து பார்த்தால், இவர் ஒரு காலுறையோடு படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றக் காலுறை தொலைக்காட்சிக்குக் கீழே போயிருந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை, நாலு கிழமை ஆட்டம் அசைவு வேண்டாம் என்றார் டொக்டர். அட்டைக்கு வாங்கிய சித்தாலேப போத்தல் இவருடைய இடுப்பிலேயே பாதி முடிந்துவிட்டது.

ஏழு பேருக்கு முற்பணம் கட்டியாச்சு. அண்ணா குடும்பம் நாலு, நாங்கள் மூன்று. இப்போது ஓர் இடம் காலி. இரவு வீடியோ கோலில் எல்லாரும் இருந்தோம். அண்ணா உற்சாகத்தில், ஆற்றில் வரும் பாய்ச்சல்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். கில்லர் ஃபோல், ஹெட் சொப்பர். எங்கள் சின்னவன் சும்மா இருக்காமல் பெரியம்மாவுக்கு மொழிபெயர்த்தான்: "கொலைகார அருவி, அம்மம்மா. மற்றது தலைவெட்டி."

அம்மா பயணத்தையே நிறுத்தச் சொன்னார். பெரியம்மா இன்னும் மோசமாக ஏசப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். நவாலிக்காரருக்கு ஆறு என்றால் வழுக்கியாறு. மழைக்கு மட்டும் ஆறு, மற்ற நேரம் ஆடு மேயும். நீச்சல் என்றால் கீரிமலைக் கேணி.

பெரியம்மா ஃபோனைக் கிட்டே வாங்கினார். "அந்தப் படகில லைஃப் ஜாக்கெட் தருவினமோ?"

"ஓமம்மா, ஹெல்மெட்டும் தருவினம்."

"சத்தம் போடலாமோ?"

எல்லாரும் கத்துவார்கள், அதற்குத்தானே போகிறது என்றார் அண்ணா.

"சண்டைக் காலத்தில கிளாலிக் கடலால நாங்கள் ராவில வள்ளத்தில வரேக்க ஒண்டும் தரேல்லை. மூச்சு விடவே பயம். உனக்கு அப்ப ஆறு வயசு. கத்திப்போடுவாய் எண்டு கரை வருமட்டும் உன்ர வாயைப் பொத்திக்கொண்டு வந்தனான்."

திரையில் அண்ணா அசையாமல் இருந்தார். நெட் போய்விட்டது என்று நினைத்தோம். போகவில்லை.

"அந்த ஏழாவது இடம் சும்மாதானே கிடக்குது. நான் வாறன்," என்றார் பெரியம்மா.

இன்று காலை வழிகாட்டிக்குக் கோல் எடுத்துப் பெயரை மாற்றச் சொன்னேன். வயது 71 என்றதும் பையன் பேச்சை நிறுத்திவிட்டான். பிறகு டொக்டரின் கடிதம் வேண்டும், அன்று தண்ணீரைப் பார்த்துத்தான் சொல்லலாம், ஒத்துவராவிட்டால் கீழே அமைதியான இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்றான். பெரியம்மாவிடம் சொன்னேன். அமைதியான இடத்தில் ஏறி என்ன செய்வது, கோயில் கேணிக்கே போகலாமே என்கிறார்.

இவர் உள்ளே சுடுதண்ணிப் பையோடு படுத்திருக்கிறார். இவருடைய காலுறைகளைச் சவர்க்காரம் போகும்வரை அலசிப் பிழிந்து, பல்கனிக் கம்பியில் காயப்போட்டிருக்கிறார் பெரியம்மா.