தமிழில் செபம், ஆங்கிலத்தில் இறையியல்: மாலை நேரச் சான்றிதழ்ப் படிப்பில் என் அனுபவம்

போன மாதம் ஞாயிறு தமிழ்த் திருப்பலி முடிந்து கோப்பி குடித்துக்கொண்டு நின்றபோது பாடகர் குழுவில் இருக்கும் ஒரு தம்பி வந்து, "அக்கா, நீங்க படிச்ச அந்த இறையியல் சர்டிபிகேட்டை நானும் படிக்கலாமா? எல்லாமே இங்கிலீஷ்ல இருக்குமாமே, எனக்கு ஒத்து வருமா?" என்று கேட்டார். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஏதோ சொன்னேன், ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. இதே கேள்வியோடு இன்னும் பலர் தயங்கி நிற்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். படிக்கப் போனதற்குக் காரணம் என் மறைக்கல்வி வகுப்பில் இருந்த ஒரு பத்து வயதுப் பிள்ளை. விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலைத் திறந்து வைத்துக்கொண்டு, "டீச்சர், முதல் அதிகாரத்துல மரம், மீன், மிருகம் எல்லாம் படைச்சு முடிச்சுட்டுக் கடைசியா மனுஷனைப் படைக்கிறார். ரெண்டாம் அதிகாரத்துல மனுஷன் முதல்ல வந்துடுறான், மரமும் மிருகமும் அப்புறம்தான் வருது. எது சரி?" என்று கேட்டாள். இத்தனை வருடமாக அந்த இரண்டு அதிகாரங்களையும் வாசித்திருக்கிறேன், ஆனால் அந்த வேறுபாடு என் கண்ணில் பட்டதே இல்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அந்த அடுத்த வாரத்துக்காகத் தேட ஆரம்பித்துத்தான் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

எங்கே படிப்பது என்பதில் நான் ஒரு தவறு செய்துவிட்டேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் இணையத்தில் கண்ணில் பட்ட ஒரு வெளிநாட்டுப் படிப்புக்குப் பணம் கட்டினேன். பெயரில் கத்தோலிக்கம் இருந்தது, வீடியோக்கள் இருந்தன, ஒவ்வொன்றின் முடிவிலும் சரியான விடையைத் தட்டினால் போதும், அழகான சான்றிதழ் வந்துவிடும். எங்கள் பங்குத்தந்தையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இதை எந்த ஆயர் அங்கீகரித்திருக்கிறார்?" எனக்குத் தெரியவில்லை, அந்த இணையதளத்திலும் பதில் இல்லை. திருச்சபைச் சட்டம் 216 இதைத் தெளிவாகவே சொல்கிறது: உரிய திருச்சபை அதிகாரியின் இசைவு இல்லாமல் எந்த முயற்சியும் கத்தோலிக்கம் என்ற பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது. பணம் கட்டுவதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். நம் ஊரிலேயே மறைமாவட்டத்தின் கத்தோலிக்க இறையியல் நிறுவனம் குருக்களோ துறவியரோ அல்லாத நம்மைப் போன்ற பொதுநிலையினருக்கும் வகுப்புகள் நடத்துகிறது, பங்குகளிலும் அவ்வப்போது விவிலிய வகுப்புகள் நடக்கின்றன. வெளியூருக்குத் தேடிப் போகும் முன் இங்கே விசாரியுங்கள்.

இன்னொரு குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. படிப்பு வேறு, பணி வேறு. சான்றிதழ் கையில் வந்ததும் மறைக்கல்வி ஆசிரியராகவோ நற்கருணை வழங்குபவராகவோ ஆகிவிட முடியாது, அதற்குத் திருச்சபை உங்களை அழைத்து அனுப்ப வேண்டும். 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் வாசகர் (திருப்பலியில் இறைவார்த்தையை வாசிப்பவர்), பீடப்பணியாளர் (பீடத்தில் உதவுபவர்) ஆகிய நிலையான பணிகளைப் பெண்களுக்கும் திறந்துவிட்டார், அதே ஆண்டு மே 10 அன்று மறைக்கல்வி ஆசிரியருக்கென்று நிலையான ஒரு பணியையே ஏற்படுத்தினார், அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. ஆனால் அவையும் திருவழிபாட்டுச் சடங்கு வழியாக வழங்கப்படுபவைதான். அதேபோல இந்தக் குறுகிய படிப்புகளைச் சேர்த்துக்கொண்டே போனால் ஒருநாள் இறையியல் பட்டம் ஆகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். திருப்பீடத்தின், அதாவது வத்திக்கானின், அங்கீகாரம் பெற்ற இறையியல் இளநிலைப் பட்டத்துக்கு மெய்யியலும் சேர்த்து ஐந்து வருடம் ஆகும், அது வேறு பாதை. அப்புறம் எதற்காகப் படிக்க வேண்டும் என்று கேட்டால், நம்புவதைத் தெரிந்து நம்புவதற்காக. திருச்சபைச் சட்டம் 229 கிறிஸ்தவக் கோட்பாட்டை அறிவதைப் பொதுநிலையினரின் கடமை என்றும் உரிமை என்றும் சேர்த்தே சொல்கிறது.

சரி, தம்பி கேட்ட ஆங்கில விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் இரண்டு வாரம் எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அலுவலக ஆங்கிலம் வேறு, இந்த ஆங்கிலம் வேறு. வகுப்பில் மற்றவர்கள் அந்தச் சொற்களைச் சின்ன வயதிலிருந்தே ஆங்கிலத்தில் கேட்டு வளர்ந்தவர்கள், நான் ஒவ்வொரு சொல்லையும் மனத்துக்குள் தமிழாக்கிப் புரிந்துகொள்வதற்குள் ஆசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். பிறகு ஒருநாள் சாக்ரமென்ட் என்றால் என்ன என்று பாடம் நடந்தது. அருளைக் குறிப்பது மட்டுமல்ல, அதைத் தரவும் செய்கிற அடையாளம் என்று ஆசிரியர் பலகையில் படம் போட்டு அரை மணி நேரம் விளக்கினார். நான் என் நோட்டில் அதற்கு நேராகத் தமிழில் எழுதினேன்: அருளடையாளம். எழுதிவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேர விளக்கத்தில் பாதி அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, நாம் தினமும் சொல்கிற சொல். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் காட்டினேன், அவர் "எங்க காலத்துல தேவதிரவிய அனுமானம்னு சொல்லுவோம்" என்றார். அம்மா இன்னமும் திருப்பலியைப் பூசை என்றும் ஒப்புரவைப் பாவசங்கீர்த்தனம் என்றும்தான் சொல்வார்.

அன்றிலிருந்து அந்த நோட்டில் மூன்று பத்திகள் போட்டேன். இடது பக்கம் வகுப்பில் வந்த ஆங்கிலச் சொல், நடுவில் திருப்பலியிலும் திருவிவிலியத்திலும் வருகிற இன்றைய தமிழ்ச் சொல், வலது பக்கம் அம்மாவின் பழைய சொல். மீட்பு, அருள், மரபு, வெளிப்பாடு, மறைபொருள் என்று ஒவ்வொன்றாக நிரம்பியது. படித்ததில் எனக்கு அதிகம் உதவியது இந்த நோட்டுதான். நிசேயா சங்கம் வந்தபோது இது இன்னும் நன்றாகப் புரிந்தது. 325ஆம் ஆண்டு ஆயர்கள் கூடி, மகன் தந்தையால் படைக்கப்பட்டவர் என்று ஆரியுஸ் என்ற குரு சொன்னதை மறுத்துத் தேர்ந்தெடுத்த கிரேக்கச் சொல் ஒன்று இருக்கிறது, அதை உச்சரிக்கவே எனக்கு நாலு முறை ஆனது. ஆனால் அதன் தமிழ் எனக்கு மனப்பாடம், "தந்தையோடு ஒரே பொருளானவர்" என்று ஞாயிறுதோறும் நின்று அறிக்கையிடுகிறோமே, அதுதான். எனவே ஆங்கிலம் போதுமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், உங்களிடம் இருக்கும் தமிழை வகுப்பு வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகாதீர்கள். பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியத்தையும் ஆங்கில விவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். இரண்டும் வேறுபடுகிற இடத்தில் நின்று கேள்வி கேளுங்கள், ஆசிரியர்கள் அதை மிகவும் விரும்புகிறார்கள்.

எந்தப் பாடத்தில் ஆரம்பிப்பது என்றால், தயங்காமல் விவிலியத்தில். கிறிஸ்து யார் என்று படிக்கிற கிறிஸ்தியல், அறநெறி எல்லாம் அப்புறம். வகுப்பு தொடங்கும் முன்பே இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டை வாசித்துவிடுங்கள், மொத்தமே 26 எண்கள்தான், எம்ஆர்டி ரயிலில் இரண்டு நாள் போய்வந்தால் முடிந்துவிடும். அதில் 12ஆம் எண்ணில் எனக்கு அந்தப் பத்து வயதுப் பிள்ளைக்கான பதில் கிடைத்தது: எழுதியவர் என்ன சொல்ல நினைத்தார், எந்த இலக்கிய வகையில் சொன்னார் என்று பார்க்க வேண்டும். ஒரே படைப்பை இரண்டு விதமாகச் சொல்கிற இரண்டு கதைகளை அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள், ஒன்று கடவுளின் மாட்சியைச் சொல்கிறது, மற்றது அவர் மண்ணைப் பிசைகிற அளவுக்கு மனிதனிடம் நெருங்கி வருவதைச் சொல்கிறது. (ஒரு சின்ன விஷயம்: திருச்சபை ஏடுகளில் கொடுக்கிற எண் பக்க எண் அல்ல, பத்தி எண். கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் அப்படி 2865 எண்கள் உண்டு. முதல் வாரம் நான் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.)

கட்டுரை எழுதாமல் சும்மா கேட்டுவிட்டு வருகிற வசதியும் சில இடங்களில் உண்டு. முடிந்தால் எழுதுங்கள், கற்றது உண்மையில் உள்ளே போவது அப்போதுதான். என் முதல் கட்டுரை பார்வையற்ற பர்த்திமேயு, மாற்கு 10:46-52. நான் நம்பிக்கையைப் பற்றி உருக்கமாக மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். "இது நல்ல மறையுரை, ஆனால் இந்த விவிலியப் பகுதியில் என்ன இருக்கிறது என்று நீங்கள் இன்னும் பார்க்கவில்லை" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார் ஆசிரியர். மனம் வலித்தது. மறுபடி உட்கார்ந்தேன், இந்த முறை பேனாவை எடுக்காமல் அந்த ஏழு வசனங்களையும் அதற்கு முன்னால் உள்ள இரண்டு அதிகாரங்களையும் மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். "நான் என்ன செய்ய வேண்டும்?" என்று இயேசு பர்த்திமேயுவிடம் கேட்கிறார் அல்லவா, அதே கேள்வியைச் சில வசனங்களுக்கு முன்னால்தான் யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்டிருக்கிறார். அவர்கள் வலப்பக்கமும் இடப்பக்கமும் இருக்கை கேட்டார்கள், இவர் பார்வை கேட்கிறார். இன்னும் பின்னால் போனால் 8ஆம் அதிகாரத்தில் பெத்சாய்தாவில் இன்னொரு பார்வையற்றவர், அவருக்கு இரண்டு கட்டமாகப் பார்வை வருகிறது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இயேசு தம் சாவை மூன்று முறை முன்னறிவிக்கிறார், மூன்று முறையும் சீடர்களுக்குப் புரியவில்லை. பார்வை இல்லாதவர்கள் யார் என்று மாற்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் காட்டிவிட்டார்! அன்று இரவு எங்கள் வீவக அடுக்குமாடி பிளாக் முழுக்க விளக்கணைந்து கிடந்தது, எனக்குத் தூக்கமே வரவில்லை. அத்தனை வருடம் வாசித்த பகுதியை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

வேலை முடிந்து வகுப்புக்குப் போவது களைப்பாகத்தான் இருக்கும், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஒரு தடவைக்கு ஒரே பாடம் எடுங்கள், வகுப்பு நாளில் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போங்கள், வீட்டில் இருப்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். என் கணவர் அந்த மாதங்களில் செவ்வாய்க்கிழமை சமையலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார், அது இல்லாவிட்டால் முடித்திருக்க மாட்டேன்.

அந்தத் தம்பி அடுத்த வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டார். என் நோட்டைக் கொடுத்திருக்கிறேன், வலது பக்கப் பத்தியைத் தன் பாட்டியிடம் கேட்டு நிரப்பப் போகிறாராம்.