கறுத்த முகத்தில் வெளிச்சம்

டிஜிட்டலில் முகம் வரையத் தொடங்குகிற எல்லோருக்கும் ஒரு கட்டம் வரும். கண், மூக்கு, வாய் அதனதன் இடத்தில் இருக்கும், யாருடைய முகம் என்றும் தெரியும், ஆனால் தோல் மட்டும் மெழுகு பொம்மை மாதிரி பளபளக்கும். அந்தக் கட்டத்தில் நெடுநாள் கிடந்தேன். அதைத் தாண்ட வைத்தது எங்கள் அப்பத்தாவின் முகம்.

கருவி பெரிதாக ஒன்றுமில்லை. மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கிய, திரையில்லாத வரைபலகை டேப்லெட், அதாவது பேனாவால் அதில் வரைந்தால் கணினித் திரையில் தெரியும். மென்பொருள் கிருதா, இலவசம். தோல் துளைக்கென்று தனி பிரஷ், சுருக்கத்துக்கென்று தனி பிரஷ் என்று இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. கிருதாவோடு வருகிற சாதாரண வட்டப் பிரஷ்ஷில்தான் இந்தப் படத்தில் முக்கால்வாசியும் போட்டேன்.

முதல் வேலை புகைப்படம். யாரோ எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தால் வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. டியூப் லைட்டை அணைத்துவிட்டு, அப்பத்தாவை ஜன்னலோரம் பக்கவாட்டாக உட்கார வைத்தேன். போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஒளிந்துகொள்ளும். ஐந்தாறு அடி தள்ளி நின்று ஜூம் செய்தால் முகம் முகமாக இருக்கும். அழகூட்டும் ஃபில்டரையும் எச்டிஆரையும் அணைப்பது கட்டாயம். ஒன்று சுருக்கங்களைத் துடைத்துவிடும், இன்னொன்று நிழலை வெளிறடித்துவிடும். நமக்கு வேண்டியதே அந்த இரண்டும்தான்.

அடுத்தது ஒளியின் படிநிலை. கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மொத்த முகத்தையும் ஐந்தே அழுத்தங்களில் அடைத்தேன்: மிக இருட்டு, இருட்டு, நடு, வெளிச்சம், மினுக்கம். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. எல்லா லேயருக்கும் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் மாதிரி) மேலே முழுக் கறுப்பில் ஒரு லேயர் போட்டு, அதன் பிளெண்டிங் மோடை, அதாவது கீழே இருப்பதோடு அது கலக்கும் விதத்தை, ‘கலர்’ என்று மாற்றினால் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். அந்த லேயரைக் காட்டியும் மறைத்தும் புகைப்படத்தோடு ஒப்பிடலாம். நிறம் நம்மை ஏமாற்றும், இது ஏமாற்றாது.

கண்ணின் வெள்ளைதான் பெரிய பாடம். புகைப்படத்தில் நிழல் பக்கத்துக் கண்வெள்ளையை நிறமெடுக்கும் கருவியால் தொட்டு நிறம் எடுத்தபோது வந்தது அடர்ந்த பழுப்புச் சாம்பல். வெளிச்சப் பக்கத்துக் கன்னத்தைவிட இருட்டு! பார்வையை ஆராயும் விஞ்ஞானி எட்வர்ட் அடெல்சன் 1995-இல் வெளியிட்ட சதுரங்கப் பலகைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். நிழலில் இருக்கும் ‘வெள்ளை’க் கட்டமும் வெளியே இருக்கும் ‘கறுப்பு’க் கட்டமும் ஒரே சாம்பல்தான், ஆனால் மூளை ஒத்துக்கொள்ளாது. அதே வித்தை ஒவ்வொரு முகத்திலும் நடக்கிறது. புதிதாக வரைகிறவர்களின் கண்கள் முட்டை மாதிரி துருத்திக்கொண்டு நிற்பதற்குக் காரணம், வெள்ளை என்று தெரிந்ததை வெள்ளையாகவே தீட்டிவிடுவது.

முதலில் சாம்பலில் முழுப்படத்தையும் முடித்துவிட்டு மேலே நிறம் ஏற்றும் முறையைப் பலர் பரிந்துரைப்பார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. ஒரே பழுப்பை முகம் முழுக்க ஏற்றினால் உயிரில்லாத தோல்தான் கிடைக்கிறது. உண்மைத் தோலில் வெளிச்சம் மாற மாற நிறமும் நகர்கிறது. அழுத்தங்கள் பிடிபட்ட பிறகு நேரடியாக வண்ணத்திலேயே போடத் தொடங்கினேன்.

இங்கேதான் உண்மையான சிக்கல். கிடைக்கிற தோல்நிற அட்டைகளில் பெரும்பாலானவை ரோஸ் கன்னங்களுக்கானவை. நம் நிறத்துக்கு அதையே இருட்டாக்கினால் போதும் என்று தோன்றும். போதாது. கறுத்த தோல் உள்ளே புகும் ஒளியில் நிறைய விழுங்கிவிடுகிறது. மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியோ அப்படியே இருக்கிறது. அதனால் மினுக்கம் எடுப்பாகத் தெரியும், அதில் தோலின் நிறத்தைவிட விளக்கின் நிறம்தான் இருக்கும். அப்பத்தாவின் நெற்றியில் பளிச்சென்றிருந்த இடத்தைத் தொட்டு எடுத்தால் பழுப்பே இல்லை. வெளிர் சாம்பல், லேசாக நீலம். ஜன்னல் வழியே வந்த வானம் அது. வெளிச்சம் நிழலாக மாறும் ஓரத்தில் செம்மை கூடுகிறது. தாடைக்கு அடியில் பச்சைச் சேலையின் சாயல் ஏறியிருக்கிறது. பாம்படம் போட்டுத் தொங்கிய காதுமடலில் பின்னாலிருந்து வெயில் பட்ட இடம் மட்டும் தணல் மாதிரி சிவப்பு, ஒளி சதைக்குள் புகுந்து வெளிவருவதால். இத்தனையும் போட்டதும்தான் ‘கறுப்பு’ என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடும் முகத்தில் எத்தனை நிறம் என்று தெரிந்தது.

பாதியில் அப்பத்தா எட்டிப் பார்த்தது. “ஏண்டா, நான் இம்புட்டுக் கருப்பாவாடா இருக்கேன்? கொஞ்சம் வெளுப்பாத்தான் போடேன், காசா பணமா?”

“காலண்டர் சாமிக்கு அப்படிப் போடுவாங்க அப்பத்தா.”

“அப்ப மூக்குத்தியவாச்சும் பெருசாப் போடு.”

மூக்குத்தியைப் பெரிதாக்கவில்லை. ஆனால் படத்திலேயே வெளிச்சமான புள்ளியை அதற்கே கொடுத்தேன்.

இந்தச் சமயத்தில் அடிக்கடி பார்த்தது ஓவியர் இளையராஜாவின் படங்கள். கும்பகோணத்துப் பக்கத்துக்காரர், 2021-இல் கொரோனாவில் போய்விட்டார். அவருடைய பெண்கள் கதவோரமும் ஜன்னலோரமும் நிற்பார்கள். ஒரு பக்கமிருந்து வரும் ஒளி மாநிறத்துக்கு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அவர் படங்களில்தான் பார்த்தேன்.

மெழுகுத்தனம் போனது விளிம்புகளால். ஏர்பிரஷ்ஷை எடுத்து எல்லாவற்றையும் தேய்த்துத் தேய்த்து மிருதுவாக்கும் ஆசையை அடக்க வேண்டும். மூக்கு கன்னத்தில் விழுத்தும் நிழல் மூக்கை ஒட்டிக் கூர்மையாக இருக்கும், தள்ளிப் போகப் போகக் கரையும். கன்னத்தின் உருண்டையில் நிழல் மெல்லத் திரும்பும். நிழல் பக்கத்துத் தலைமுடி பின்னணியோடு கலந்தே போய்விடும், அங்கே கோடே தேவையில்லை. சுருக்கங்களும் அப்படித்தான்: ஒவ்வொன்றுக்கும் ஒளிபடும் கரை ஒன்று, இருண்ட கரை ஒன்று. வெளிச்சமும் நிழலும் சேரும் இடத்தில் மட்டும் அவற்றைக் கவனமாகப் போட்டு, மற்றதைக் கோடி காட்டி விட்டேன். நடுநடுவே கிருதாவில் ‘எம்’ விசையைத் தட்டி முகத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டால் கோணல் தாடை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

பிரிண்ட் போடப் போகிறவர்களுக்கு ஒன்று. திரை தானே ஒளிர்கிறது, காகிதம் ஒளிராது. கறுத்த முகங்கள் அச்சில் இன்னும் இருண்டு, நிழலுக்குள் போட்ட வேலையெல்லாம் அமுங்கிவிடும். திரையின் பிரகாசத்தைப் பாதியாகக் குறைத்துப் பார்த்து, நிழல்களைச் சற்றே தூக்கிவிட்டு, முதலில் 4×6 அளவில் ஒன்று போட்டுப் பாருங்கள். கடையில் “கரெக்‌ஷன் போடவா?” என்று கேட்பார்கள். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அவர்கள் கரெக்‌ஷனில் முதலில் மாறுவது தோலின் நிறம்தான்.